உளி தொடாத கை

எங்கள் வீட்டில் கூரான இரும்பு இரண்டு இடங்களில் இருந்தது. பின்கட்டில் அப்பாவின் தச்சுப் பட்டறை, அங்கே உளிகள். அடுப்படியில் அம்மாவின் அரிவாள்மனை. இரண்டையும் நான் தொட்டதில்லை. தொட விட்டதில்லை என்பதுதான் சரி. பட்டறைப் பக்கம் போனால் அப்பா, "பொம்பளப் புள்ளைக்கு இங்க என்ன வேலை? போய்ப் படி" என்பார். அடுப்படிக்குப் போனால் அம்மா, "வெங்காயம் உரிச்சா மார்க்கு வருமா? போய்ப் படி" என்பாள். இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் துரத்திவிட்ட இடத்தில் ஒரு மேஜை இருந்தது. அப்பா செய்த வேப்பமர மேஜை. அதில் உட்கார்ந்து பிளஸ் டூ முடித்தேன், நுழைவுச் சீட்டு வாங்கி இன்ஜினியரிங் போனேன். இன்றுவரை ஏதோ ஒரு மேஜை முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. விருதுநகர்ப் பக்கத்துச் சின்ன ஊரில், என்கூடப் படித்தவர்களில் பாதிப் பேருக்குப் பத்தொன்பது வயதில் கல்யாணம் ஆனது. என்னை அந்த மேஜைதான் காப்பாற்றியது. ஆனால் முப்பத்துமூன்று வயதில், பாங்காக்கில் ஒரு சமையல் வகுப்பில், என் கையில் ஒரு சின்னக் கத்தியையும் ஒரு வெள்ளரிக்காயையும் கொடுத்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு வேலையை விட்டு அடுத்த வேலையில் சேர நடுவில் இருபத்தாறு நாட்கள் கிடைத்தன. ஒன்பது வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் நீண்ட லீவு அது. எங்கே போகலாம் என்று யோசித்தபோது தாய்லாந்து மனதில் வந்ததற்குக் கடற்கரை காரணமில்லை, ஒரு தர்பூசணிதான் காரணம்.

2017இல் எங்கள் சித்தி பெண்ணின் ரிசப்ஷன். சாப்பாட்டு ஹால் வாசலில், கேட்டரிங்காரர்கள் செதுக்கிய தர்பூசணி ஒன்று வைத்திருந்தார்கள். நடுவில் பெரிய பூ, சுற்றி இலைகள், கீழே மாப்பிள்ளை பெண் பெயர். எல்லோரும் அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். அப்பா மட்டும் எடுக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, பக்கவாட்டில் பார்த்து, மறுபடி நிமிர்ந்து, பத்து நிமிஷம் அங்கேயே நின்றார். "மரம்னா ரேகை பாத்து வெட்டணும். இதுல ரேகையே கெடையாது. எதப் புடிச்சு இந்த எதழ் நிக்குது?" என்றார். நான் பதில் சொல்வேன் என்று எதிர்பார்த்தார். நான் படித்தவள் ஆயிற்றே. எனக்குத் தெரியவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த பையனைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன், "தாய்லாந்து ஸ்டைல் சார். வீடியோ பாத்துக் கத்துக்கிட்டேன்" என்றான். "தாய்லாந்தா" என்றபடி அப்பா பந்திக்குப் போனார். இரண்டு வருடம் கழித்து, 2019இல், பட்டறையை மூடினார். ரெடிமேட் கதவும் யூபிவிசி ஜன்னலும் எங்கள் ஊர் வரைக்கும் வந்துவிட்டன. உளிகளை ஒரு சாக்கில் சுற்றிப் பரண்மேல் வைத்தார்.

பாங்காக் வகுப்பு ஒரு மதியம் மட்டும்தான். ஜெர்மனியிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதி, ரிட்டயர் ஆன ஒரு கொரியப் பெண்மணி, நான். முதலில் வெள்ளரிக்காயில் ஒரு இலை செதுக்க வேண்டும். காயை நீளவாக்கில் பிளந்து, விதையை எடுத்துவிட்டு, தோல் பக்கத்தில் நடுநரம்பு வரைந்து, ஓரத்தைப் பல் பல்லாக வெட்ட வேண்டும். கத்தி விரல் நீளம்தான். நுனி ஊசி மாதிரிக் குறுகிப் போகும். பேனா பிடிப்பதுபோலப் பிடிக்கச் சொன்னார்கள். பேனா பிடிப்பது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அதுவும் பொய், கல்லூரிக்குப் பிறகு நான் பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போட மட்டும்தான்.

மூன்று இலைகள் நடுநரம்போடு முறிந்தன. நான்காவதில் கட்டைவிரலை வெட்டிக்கொண்டேன். சொல்லிக்கொடுத்தவர் அறுபது வயதைத் தாண்டிய பெண்மணி. ஒட்டுத்துணியைச் சுற்றிவிட்டு, என் கையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையில் ஒரு தழும்பு கிடையாது, ஒரு காய்ப்பு கிடையாது.

"நீ சமைக்கிறதில்லையா?"

"இல்லை."

"அம்மா?"

"அம்மா சமைப்பாங்க. என்னை விட மாட்டாங்க."

அவர் சிரிக்கவில்லை, பரிதாபப்படவும் இல்லை. வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பும்போது, இந்த ஒரு மதியத்தில் ஒன்றும் வராது, ஊருக்குப் போகிறேன், அங்கே வந்தால் வீட்டிலேயே சொல்லித்தருகிறேன் என்றார். எவ்வளவு பணம் என்று கேட்டேன். சொன்னார். நியாயமாக இருந்தது. அவருடைய ஊர் பெட்சபுரி.

*

பாங்காக்கிலிருந்து தெற்கே ரயிலில் மூன்று மணி நேரத்துக்கு மேல். வஜ்ரம், புரி என்ற இரண்டு வடசொற்கள் தாய் நாக்கில் உருண்டு பெட்சபுரி ஆகியிருக்கின்றன. ரயிலை விட்டு இறங்கி ஊரைத் தாண்டியதும் வயலுக்கு நடுவே பனைமரங்கள். எனக்கு ஒரு நிமிஷம் தலை சுற்றியது. விமானம் ஏறி, கடல் தாண்டி, கடைசியில் எங்கள் ஊருக்கே வந்து இறங்கியது போலிருந்தது. பெட்சபுரிக்குப் பனைவெல்லத்தில்தான் பேர். கருப்பட்டி மாதிரிக் கருப்பாக இல்லாமல் வெளிர்ப் பழுப்பில் இருக்கிறது. அவர்களுடைய இனிப்பெல்லாம் அதில்தான்.

காய்கனி செதுக்குவதைக் கே-ஸலக் என்கிறார்கள். தாய்லாந்தில் யாரிடம் கேட்டாலும் இதற்கு ஒரு பிறப்புக் கதை சொல்வார்கள். சுமார் எழுநூறு வருடங்களுக்கு முன், சுகோதை அரண்மனையில் நாங் நொப்பமாஸ் என்ற பெண் இருந்தாள். பன்னிரண்டாம் மாதப் பௌர்ணமியில் ஆற்றில் விளக்கு மிதக்கவிடும் லோய் கிரதோங் திருவிழாவுக்காக அவள் தன் மிதவையைப் பூக்களாலும், பறவை உருவில் செதுக்கிய பழங்களாலும் அலங்கரித்தாள். அரசர் மயங்கி, இனி இதுவே வழக்கம் என்று அறிவித்தார். கதை அழகாக இருக்கிறது. ஆனால் நொப்பமாஸ் எழுதியதாகச் சொல்லப்படும் புத்தகத்தில் அமெரிக்கர்கள் வருகிறார்கள். பதினான்காம் நூற்றாண்டுச் சுகோதைக்கு அமெரிக்கர் எப்படி வந்திருக்க முடியும்? தாய்லாந்து வரலாற்று ஆய்வின் முன்னோடியான இளவரசர் டாம்ரோங், இது பாங்காக் தலைநகரான பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட நூலாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினார். நொப்பமாஸ் கதைப் பெண்ணாகவே இருக்கலாம். அரண்மனைப் பெண்கள் இந்தக் கலையை வளர்த்தார்கள் என்பது கதை இல்லை. பழத்தைத் தோல் நீக்கி, கொட்டை எடுத்து, ஒரே வாயில் போடுகிற அளவில், கையில் சாறு ஒழுகாமல் சாப்பிடத் தருவது அங்கே ஒரு மரியாதை. செதுக்கல் அந்த மரியாதையின் நீட்சி. இன்று தொழிற்கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. ஹோட்டல் சமையலறைகளிலும் கப்பல்களிலும் வேலை வாங்கித் தருகிறது.

சொல்லித்தருபவரை அங்கே க்ரூ என்று கூப்பிடுகிறார்கள். குரு என்ற சொல்தான். பள்ளிக்கூடங்களில் வருடத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஒரு வியாழக்கிழமை, 'வை க்ரூ' என்று ஆசிரியரை வணங்கும் சடங்கு நடக்கும். பிள்ளைகள் தட்டில் என்ன வைத்துக் கொண்டுவருவார்கள் என்று க்ரூ கைபேசியில் படம் காட்டினார். இட்லிப்பூ, அதைத் தாய் மொழியில் ஊசிப்பூ என்பார்கள், புத்தி ஊசி மாதிரிக் கூராக இருக்க வேண்டுமாம். கத்தரிப்பூ; அது தலை குனிந்தே பூப்பதால் பணிவுக்கு. அப்புறம் அறுகம்புல், வெட்டினாலும் மிதித்தாலும் படர்ந்துகொண்டே போவதால் அறிவுக்கு. எங்கள் ஊர்ப் பிள்ளையார் தலையில் இருக்கும் அதே அறுகம்புல். வியாழன் குருவுக்கு உகந்த நாள் என்று அம்மா சொல்வாள். அம்மாவுக்கு அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "சாப்டியா" என்று பதில் வந்தது.

*

முதல் இரண்டு நாட்கள் காரட்டும் வெள்ளரியும் மட்டும். க்ரூ வாயால் அதிகம் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த ஆங்கிலமும் எனக்குத் தெரிந்த பத்துத் தாய்ச் சொற்களும் ஒரு வாக்கியத்துக்குக் கூடப் போதாது. கையைப் பிடித்துக் காட்டினார். மோதிர விரலும் சுண்டு விரலும் காயின்மேல் ஊன்றியிருக்க வேண்டும். அதுதான் கைக்குத் தரை. அந்தத் தரை இல்லாமல் வெட்டினால் கத்தி வழுக்கும். அப்புறம், கத்தியைத் திருப்பாதே, காயைத் திருப்பு. ஒவ்வொரு இதழுக்கும் இரண்டு வெட்டு. முதல் வெட்டு இதழின் உருவம். இரண்டாவது வெட்டு அதன் வெளிப்பக்கத்தில் சாய்வாகப் போய் முதல் வெட்டைத் தொடும். நடுவில் ஒரு சிம்பு கழன்று வரும். சிம்பை எடுத்தால் இதழ் தனியாக எழுந்து நிற்கும். ஆக, இதழை யாரும் செய்வதில்லை. அதன் பக்கத்தில் இருப்பதை எடுக்கிறார்கள், இதழ் மிச்சமாகிறது. அப்பா 2017இல் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். அடியில் விடாமல் வைத்திருக்கும் சதையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த இதழ் நிற்கிறது. சாய்வு வெட்டு ஒரு மயிரிழை ஆழம் போனாலும் இதழ் கையோடு வந்துவிடும். எனக்கு வந்தது. நிறைய வந்தது.

செதுக்கியதை ஐஸ் தண்ணீரில் போடுவார். காரட் இதழ்கள் தண்ணீர் குடித்து விறைத்து விரியும். நீளமாகக் கீறிய மிளகாய் பூவாகச் சுருண்டு திறக்கும். நான் கன்றாவியாக வெட்டியதுகூடத் தண்ணீரில் போட்டதும் கொஞ்சம் பூ மாதிரி ஆனது. அதைப் பார்த்துத்தான் இரண்டாம் நாள் ராத்திரி ஊருக்குத் திரும்பாமல் இருந்தேன்.

மூன்றாம் நாள் தர்பூசணி. பச்சைத் தோலை மெல்லிசாகச் சீவிவிட்டால் வெளிறிய வெள்ளை. அதற்குக் கீழே ரோஜா நிறம், அதற்கும் கீழே சிவப்பு. கத்தி ஆழம் போகப் போக நிறம் மாறும். பூவுக்கு நீங்கள் சாயம் பூச வேண்டாம், ஆழம் தெரிந்தால் போதும். நடுவில் ஒரு வட்டம் போட்டு மொட்டைச் செதுக்க வேண்டும். அதைச் சுற்றி முதல் வரிசை இதழ்கள். அடுத்த வரிசையில் ஒவ்வொரு இதழும் முந்தைய வரிசையின் இரண்டு இதழ்களுக்கு நடுவில் ஆரம்பிக்கும்.

நான் என்ன செய்தேன் என்றால், நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு வரிசைக்கு எட்டு இதழ். முந்நூற்றறுபதை எட்டால் வகுத்தால் நாற்பத்தைந்து டிகிரி. பல்குச்சியால் புள்ளி குத்திக்கொண்டேன். க்ரூ ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பழம் உருண்டையும் இல்லை, நீள்வட்டமும் இல்லை. ஒரு பக்கம் மண்ணில் கிடந்து தட்டையாகியிருந்தது. மூன்றாம் வரிசையில் கடைசி இதழுக்கு அரை இதழ் இடம்தான் மிச்சம் இருந்தது. எங்கள் தொழிலில் ஒன்று தவறிப்போகும் பிழை என்று ஒன்று உண்டு. எண்ண ஆரம்பிக்கும் இடத்தில் செய்த தப்பு முடியும் இடத்தில் வந்து நிற்கும். அங்கே என்றால் பின்னால் போய்த் திருத்திவிடலாம். இங்கே எதுவரை பின்னால் போவது? வெட்டினது வெட்டினதுதான்.

க்ரூ என் கத்தியை வாங்கினார். அடுத்த வரிசையைத் தானே ஆரம்பித்தார். புள்ளி இல்லை, கணக்கு இல்லை. நாலு இதழ் போனதும் நின்று, மிச்சமிருக்கும் இடத்தைக் கண்ணால் ஒரு தடவை அளந்தார். அங்கிருந்து ஒவ்வொரு இதழையும் ஒரு நூல் அகலமாக்கிக்கொண்டே போனார். கடைசி இதழ் சரியாக வந்து உட்கார்ந்தது. எது பெரிய இதழ், எது சின்ன இதழ் என்று எனக்குத் தெரியவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த எனக்கே.

அப்போது எனக்கு அப்பாவின் குரல் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. மேஜையில் உட்கார்ந்து ஃபிசிக்ஸ் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் பட்டறையில் வேலை பழகும் பையனிடம் அப்பா சொல்கிறார்: "இடிக்கிறத எல்லாத்தையும் கடைசிப் பலகையில ஏத்தாதடா. எல்லாப் பலகையிலயும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்து. அப்பத்தான் கண்ணுக்குத் தெரியாது."

பதினைந்து வருடமாக எனக்குள் அது கிடந்திருக்கிறது. எனக்குச் சொன்னதில்லை. அந்தப் பையனுக்குச் சொன்னது. தேர்வுக்கு வராத பாடம் என்பதால் நான் அதைக் கவனித்ததாகக்கூட ஞாபகம் இல்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். க்ரூ வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து இளநீர் வாங்கிவந்தார்.

*

அன்று சாயங்காலம் அவருடைய அப்பாவைப் பற்றிச் சொன்னார். கைபேசியின் மொழிபெயர்ப்பை நடுவில் வைத்துக்கொண்டு பேசினோம். அவர் அப்பா வாழைமட்டை செதுக்குபவர். பெட்சபுரி அதற்குப் பேர்போன ஊர். இறந்தவரை எரிக்கும் சிதையை அலங்கரிப்பதற்காக வாழைத்தண்டின் மட்டைகளை உரித்து, அதில் கோடு எதுவும் வரையாமல், இருபக்கமும் கூரான கத்தியைக் குத்திக் குத்தி எடுத்துப் பல் வரிசைகளாக வெட்டுவார்கள். ஒற்றைப் பல், மூன்று பல், ஐந்து பல் என்று அதற்குப் பெயர்கள். வாழைமட்டை சீக்கிரம் கறுத்துவிடும் என்பதால் முன்கூட்டிச் செய்து வைக்க முடியாது. விடிய விடிய வெட்டுவார்கள். அப்புறம் பிணத்தோடு சேர்ந்து எரிந்துவிடும்.

"உங்களுக்குச் சொல்லித்தந்தாரா?"

"அண்ணனுக்கு. அது ஆம்பிளை வேலை." கொஞ்ச நேரம் கழித்து, "நான் பள்ளிக்கூடத்தில் பழம் செதுக்கக் கற்றுக்கொண்டேன். பெண்பிள்ளைகளுக்கு அதுதான்" என்றார்.

எங்கள் ஊரில் வாழைமரம் கல்யாண வீட்டு வாசலில் நிற்கும். அங்கே சிதையில் பூவாகிறது. அதைவிட எனக்கு உறைத்தது வேறு. அவரையும் ஒரு அப்பா ஒரு கத்தியிடமிருந்து விலக்கி வைத்திருக்கிறார். ஆனால் அவர் கைக்கு இன்னொரு கத்தி கிடைத்தது. எனக்குக் கிடைத்தது கீபோர்டு. அப்பா அதைத்தான் விரும்பினார், நானும்தான். இருந்தாலும், எனக்கு நல்லது என்று நினைத்து அவர் தடுத்தாரே தவிர அவருடைய வேலையே மட்டமானது என்று அவரே நினைத்துக்கொண்டார் என்பதும் அதற்குள் இருக்கிறது. தன் கையைத் தானே மதிக்காத ஒருவரின் சம்பாத்தியத்தில் படித்தேன். நானும் மதித்ததாகச் சொல்ல முடியாது. கல்லூரியில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டபோதெல்லாம் 'பிசினஸ்' என்று சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் காலையில் போனால் என் தர்பூசணியைக் காணோம். ஐந்து மணி நேரம் செதுக்கியது, ஈரத்துணி போட்டு மூடி ஃப்ரிட்ஜில் வைத்தது. க்ரூ அதைத் துண்டு போட்டுத் தட்டில் வைத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தின்றுகொண்டிருந்தார்கள். வெள்ளைத் தோல் புளிக்குழம்பில் கொதித்துக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, தின்னத்தானே, என்றார். மதியம் அந்தக் குழம்பைச் சாப்பிட்டேன். பூசணிக்காய் மாதிரி, கொஞ்சம் நறுக்கென்று இருந்தது.

ஏழாம் நாள் கிளம்பும்போது எனக்கு வந்தது இவ்வளவுதான்: முறியாத வெள்ளரி இலை, தக்காளித் தோலில் ரோஜா, காரட்டில் எட்டு இதழ்ப் பூ, தர்பூசணியில் இரண்டு வரிசை. மூன்றாவது வரிசை வரவில்லை. க்ரூ ஒரு பழைய கத்தியைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

*

கத்தியைச் செக்-இன் பெட்டியில் போட்டு, சென்னை வந்து, ஊருக்குப் போனேன். அம்மாவிடம் ஒரு காரட் கேட்டேன். திண்ணையில் உட்கார்ந்து அப்பா முன்னால் செதுக்கினேன். கை நடுங்கியது. ஒரு இதழ் போய்விட்டது. ஏழு இதழோடு அவரிடம் கொடுத்தேன்.

பூவின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். இதழ் ஒட்டியிருக்கும் இடத்தை நகத்தால் தொட்டார். "சாய்ச்சு வெட்டி, செம்ப எடுத்திருக்க" என்றார். அப்புறம் கத்தியை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரலால் குறுக்கே ஒருமுறை தடவினார்.

"இத யாரு தீட்டினா?"

"யாரும் தீட்டல. அப்படியே கொண்டுவந்தேன்."

"மொட்டக் கத்தியில வெட்டினா எதழ் நிக்குமா? நசுங்கும். ஒனக்குத் தீட்டச் சொல்லித்தரலையா அந்தம்மா?"

"ஒரு வாரத்துல அதுக்கு நேரமில்ல."

"அதுல்ல மொதல்ல சொல்லித்தரணும்" என்று எழுந்தார். அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி. ஏணி போட்டுப் பரணில் ஏறினார். நான் பிடித்துக்கொண்டேன். சாக்கை இறக்கி, முடிச்சை அவிழ்த்தார். உளிகளின்மேல் எண்ணெய் தடவித்தான் சுற்றியிருந்தார்; ஒன்றில்கூடத் துரு இல்லை. நாலு வருடத்தில் எப்போது எடுத்து எப்போது துடைத்தார் என்று அம்மாவுக்கும் தெரிந்திருக்கவில்லை. அடியிலிருந்து தீட்டுக்கல்லை எடுத்தார். நடுவில் தேய்ந்து பள்ளமாகியிருந்தது.

கல்லைத் தன் முன்னால் வைத்து உட்கார்ந்தவர், கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு அதை என் பக்கம் தள்ளினார்.

"தண்ணி தெளி. கத்தியப் படுக்கப்போடு. ரொம்ப இல்ல, ஒரு காசு தூக்கு. ஆங். பலமா அமுக்காத."

இழுத்தேன். சத்தம் கரகரவென்று வந்தது. அப்பா தலையை ஆட்டினார். மறுபடி இழுத்தேன். எத்தனையாவது தடவையோ, சத்தம் மாறியது. பட்டறையிலிருந்து சுவர் வழியாக வரும் அதே சத்தம். "இதான்" என்றார்.

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள்: "அப்பனும் மகளும் வெளையாடி முடிச்சா அந்தக் காரட்டக் குடுங்க. பொரியலுக்குக் கொறையுது."